பாலத்துக்கும் ஓய்வு உண்டு

கேள்வி: கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தாலே பாலத்தில் போக நடுக்கமாக இருக்கிறது. அரசு என்னதான் செய்கிறது?
– ஸ்ரீரங்கம் வாசகி

பதில்: வெள்ளத்துக்கு முன்பே செய்ததைச் சொல்கிறேன் அம்மா. 1928இல் கட்டிய இரும்புப் பாலம் தளர்ந்துபோனது. பக்கத்திலேயே புதுப்பாலம் எழுப்பி, 2016இல் வண்டிகளை அதற்கு மாற்றினார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. மேலே ஒரு பேருந்துகூட இல்லை! கொள்ளிடம் விழுங்கியது ஓய்வுபெற்ற பாலத்தை மட்டுமே. எல்லா வெள்ளமும் இப்படிப் போனதில்லை. 1956இல் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் ரயிலே கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். உங்கள் ஸ்ரீரங்கத்துக்குப் போகும் காவிரிப் பாலத்தை 2022இல் மூடிப் பழுதுபார்த்தபோது ஊரே முணுமுணுத்துக்கொண்டு சுற்றிப் போனது. முணுமுணுக்கட்டும்! நேரத்தில் மூடத் தெரிந்த பொறியாளரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.