பின்விளக்குக்குக் கூலிங் கிளாஸ்

கேள்வி: என் காரின் பின்விளக்குகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாம் என்றிருக்கிறேன். பார்க்கக் கெத்தாக இருக்கும். போலீஸ் பிடிக்குமா?
– வாசகர், கோவை

பதில்: போலீஸ் பிடிப்பது இருக்கட்டும், பின்னால் வருகிற லாரி முந்திக்கொள்ளப் போகிறது!

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். நீங்கள் பிரேக் போட்டது அந்த டிரைவருக்கு அரை விநாடி தாமதமாகத் தெரிந்தால் 14 மீட்டர் போச்சு. உச்சி வெயிலில் பிரேக் விளக்கு எரிகிறதா என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அதன்மேல் கறுப்பு வேறா?

பாதி ஒளியை விழுங்கும் ஃபிலிம் விளக்கைப் பாதியாக்கும். ரிஃப்ளெக்டரை மூடினாலோ இரட்டை நஷ்டம். வெளிச்சம் உள்ளே போகும்போது பாதி, திரும்பும்போது அதிலும் பாதி, மிஞ்சுவது கால்வாசி. இருட்டில் பழுதாகி நிற்கும் காரைக் காட்டிக்கொடுப்பதே அந்த ரிஃப்ளெக்டர்தான்.

இனி சட்டம். பின்விளக்கின் சிவப்பு ஒளி 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்கின்றன 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். வண்டியில் அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு, 2019 சட்டத் திருத்தப்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கெத்துதான் வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை காரைக் கழுவுங்கள், பின்விளக்கையும் சேர்த்து!