சுருட்டு நம்முடையது, பேர் திருச்சியுடையது

திண்டுக்கல் மலைக்கோட்டையை 1605இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்ட ஆரம்பித்தார். எவனும் உள்ளே நுழையக்கூடாது என்பது ஏற்பாடு. அப்புறம் நுழையாதவர்களைத்தான் எண்ணிச் சொல்ல வேண்டும். 1755இல் ஹைதர் அலி மைசூரின் பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, இங்கே வந்து உட்கார்ந்தார். மைசூருக்கே எஜமானராகும் யோசனை முளைத்தது இந்தப் பாறை மேல்தான் என்பது உள்ளூர்ப் பெருமை. வெள்ளைக்காரன் 1767இல் பிடித்துப் பறிகொடுத்தான், 1783இல் பிடித்துத் திருப்பிக் கொடுத்தான், 1790இல் மறுபடி பிடித்தான். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு ஊரை எழுதிக்கொடுத்த பிறகுதான் அவனுக்கு நிம்மதி. மலைமேல் இருந்த சாமியே கீழே இறங்கி டவுனுக்குக் குடிவந்துவிட்டது. இந்தக் கோட்டையின் அடிவாரத்தில் போய்ப் பூட்டுத் தொழில் தழைத்தது வெறும் தற்செயலாம். நான் நம்பமாட்டேன்.

வந்த துரைமார்களுக்கு வாயில் வைக்க ஏதாவது வேண்டுமே. நம்ம பக்கத்துச் செம்மண்ணில் புகையிலை நன்றாக வரும். ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டு ஆலையே நடத்தியது. ஆனால் சுருட்டுக்கு உலகச் சந்தையில் விழுந்த பேர் 'டிரிச்சினாப்போலி'. 1887இல் வந்த முதல் கதையிலேயே ஷெர்லாக் ஹோம்ஸ் சாம்பலைப் பார்த்து, இது டிரிச்சினாப்போலி சுருட்டு என்று கண்டுபிடித்துவிடுகிறார். மகா துப்பறிவாளர்! அந்தச் சுருட்டுக்குப் பெரும்பாலும் இலை போனது திண்டுக்கல்லிலிருந்து என்பதைச் சாம்பல் அவருக்குச் சொல்லவில்லை. நாமும் போய்ச் சொல்லவில்லை.

தோலில் கதை வேறு. பேர் வரவில்லை, மிச்சம் மட்டும் வந்தது. பேகம்பூர் ஹைதரின் தங்கை அமிருன்னிசா பேகத்தின் பேரால் விளங்கும் இடம்; அந்தப் பக்கம் தோல் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறப்போட்டுப் பதனிட்டார்கள். நாற்றம் உண்டு, விஷம் குறைவு. 1970களில் டில்லி, அரைகுறையாகப் பதனிட்ட தோலைக் கப்பலேற்றாதே, முழுசாக முடித்து அனுப்பு, அந்நியச் செலாவணி கொட்டும் என்றது. கொட்டியது. கூடவே குரோமியமும் கிணற்றில் கொட்டியது. தோல் பதனிடும் ஷாப்புக்குப் பக்கத்துத் தோட்டக்காரன் கமலை கட்டி இறைத்த கிணற்றுத் தண்ணீரைத் தென்னைகூடக் குடிக்க யோசித்தது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும் என்று சொல்லி, தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. தீர்ப்பில் நம் மாவட்டத்தின் அப்போதைய பேர் 'திண்டுக்கல் அண்ணா'. பாவம், இதில் அண்ணாவுக்கு என்ன சம்பந்தம்?

பூட்டுக்கு மட்டும்தான் ஊர்ப் பேர் ஒழுங்காக ஒட்டியது. மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பூட்டு என்று அரத்தால் ராவி ராவிக் கையாலேயே செய்தார்கள். மணிப்பூட்டுக்குத் திருடனைவிட, ராத்திரி லேட்டாக வீடு திரும்பும் மாப்பிள்ளைகள்தான் அதிகம் பயந்திருப்பார்கள். பிறகு அலிகாரிலிருந்து மிஷின் பூட்டு மலிவாக வந்து இறங்கியது. பட்டறைக்காரர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். பட்டறைகள் பெரும்பாலும் ஓய்ந்த பிறகு, 2019இல் அரசாங்கம் வந்து புவிசார் குறியீடு கொடுத்தது. பெண் நாலு பிள்ளை பெற்றபின் வந்த சீர்வரிசை.

இன்றைக்குத் திண்டுக்கல் என்றால் பிரியாணி. தலைப்பாகை கட்டிய நாகசாமி நாயுடு 1957இல் போட்ட கடை, சீரகச் சம்பா அரிசியில் பாரிஸ் வரை போய்விட்டது. ஹோம்ஸ் காலத்தில் பேரைக் கோட்டைவிட்ட ஊர் இதில் மட்டும் உஷார். 'தலப்பாக்கட்டி' என்ற பேரை வேறு ஆள் வைக்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. ஊர்க்காரனைக் கேட்டால், அதெல்லாம் வெளியூர்க்காரனுக்கு, வேணு பிரியாணிக் கடையில் சாப்பிட்டுப் பாருங்கண்ணே என்பான்.