37 பேர் என்ன செய்தார்கள்?

கேள்வி: 2014-இல் எங்கள் தொகுதி உட்பட 37 இடங்களில் அ.தி.மு.க. ஜெயித்தது. தில்லியிலோ பா.ஜ.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை. அந்த ஐந்தாண்டில் நம் 37 பேரால் ஏதாவது நடந்ததா?
(வாசகர், திருவண்ணாமலை)

பதில்: நடந்ததே! மு.தம்பிதுரை துணை சபாநாயகர் ஆனார். மற்றபடி, 543-இல் 282-ஐக் கையில் வைத்திருப்பவர் 37 பேரை வெற்றிலை பாக்கு வைத்தா அழைப்பார்? 1984-க்குப் பிறகு ஒரே கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்தது அப்போதுதான். 44-இல் நின்ற காங்கிரசுக்கு, பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியையே தரவில்லை.

நம்மவர்களின் மகிமை 2018 மார்ச்சில்தான் தெரிந்தது. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அவையின் நடுவே நின்று முழங்கினார்கள். நியாயமான கோரிக்கை, சந்தேகமில்லை. அதே நாட்களில் ஆந்திரக் கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தோடு காத்திருந்தன. இத்தனை அமளியில் தீர்மானத்தை ஆதரிப்போரின் தலைகளை எண்ண முடியாது என்று சபாநாயகர் சுமித்ரா மகாஜன் அவையை ஒத்திவைத்துக்கொண்டே போனார். கோஷம் மத்திய அரசுக்கு எதிராக, லாபமும் மத்திய அரசுக்கே! ஜூலையில் ஒருவழியாக ஓட்டெடுப்பு வந்தது. ஆதரவு 126, எதிர்ப்பு 325. அ.தி.மு.க. நின்றது அரசின் பக்கம்.

ஆட்சியை உண்மையில் மடக்கியது மாநிலங்களவை. அங்கே பா.ஜ.க.வுக்கு ஆள் போதவில்லை. நிலம் கையகப்படுத்தும் சட்டத் திருத்தத்துக்கு மூன்று முறை அவசரச் சட்டம் போட்டும் 2015 ஆகஸ்டில் அது காலாவதியானது.

இன்னொன்று: 1957-இல் மக்களவைக்குப் போன தி.மு.க.வினர் மொத்தமே இரண்டு பேர். நாமக்கல் ஈ.வெ.கி.சம்பத், உங்கள் திருவண்ணாமலை இரா.தர்மலிங்கம். 2014-இல் அந்தக் கட்சிக்கு அந்த இரண்டும் இல்லை!