நாப்பத்தொண்ணுக்கு எட்டு

திருத்தணி மலைக்கு 365 படி. அதை எண்ணிக்கொண்டே ஏறுகிறவர்கள் உண்டு. ரேஷியோ அண்ணன் எண்ணுவது வண்டியின் பின் ஹவுசிங்குக்குள் இருக்கும் கியர்ப் பல்லை மட்டும்.

ஆர்.கே.பேட்டையில் யார் பழைய பிக்கப் வாங்கினாலும், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதற்குள் வந்துவிடுவார். பெயிண்ட், டயர், ஆர்.சி. புக் எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. குனிந்து ஹவுசிங்கைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். "இன்னா நைனா, ரேஷியோ கேக்காமயா துட்டு குடுத்த?" வண்டிக்காரர் நகரிப் பக்கத்து ஆள் என்றால் உச்சு தெலுங்கில் விழும்.

அடுத்து சாக்பீஸ். வண்டியை நியூட்ரலில் போட்டு ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்க வேண்டும். டயரில் ஒரு கோடு, கியர்பாக்ஸிலிருந்து ஹவுசிங்குக்குப் போகும் ஜாயிண்ட் ராடில் ஒரு கோடு. டயரைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால் ராடு எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அதுதான் ரேஷியோ. ஏன் இரண்டு? மற்ற சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல் பாதியை விழுங்கிவிடும். டயரைச் சுற்றுவது வண்டிக்காரர். கீழே படுத்து எண்ணுவது டீக்கடைப் பையன். தீர்ப்புச் சொல்வது அண்ணன்.

"நாலு, அதுக்கு மேல துளி. நாப்பத்தொண்ணுக்குப் பத்து. ஹைவேல பறக்கும், லோடு ஏத்தினா படுத்துக்கும். நாப்பத்தொண்ணுக்கு எட்டு போடு."

சக்கரத்தைச் சுற்றவைக்கும் கிரவுனில் 41 பல், ராடு முனையில் இருக்கும் பினியனில் 8 என்றால் 5.125. ராடு அத்தனை சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும். இழுவை கூடும், வேகம் குறையும், டீசலும் கூடக் குடிக்கும். ரவுண்டாக 40க்கு 8 வைத்தால் என்ன என்று ஒரு தறிக்காரர் கேட்டுவிட்டார். அண்ணன் முகம் மலர்ந்ததே! அப்படி வைத்தால் பினியனின் ஒரு பல் கடைசிவரை அதே ஐந்து பல்லோடுதான் உரசும். 41 என்றால் முறைவைத்து எல்லாப் பல்லோடும் பழகும், தேய்மானம் சமமாகும். முழுக்கச் சரி. சரியாகச் சொல்கிறார் என்பதுதான் சிக்கலே.

லோடு என்ன என்று கேட்பார். பதில் காதில் ஏறாது. சித்தூர் கூழ் ஃபேக்டரிக்கு மாங்காயோ, லுங்கி பண்டலோ, வேர்க்கடலை மூட்டையோ, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. மாங்காய் சீசனில் ஏறப்போகும் கூடுதல் டன்னுக்காக மற்ற மாதமெல்லாம் என்ஜின் கதற ஓட்ட வேண்டுமா என்று கேட்டால், "ஏத்தத்துல நிக்கக் கூடாது நைனா" என்பார். சொல்லிவிட்டு ஏறிப்போவது டிவிஎஸ் எக்ஸ்எல்லில். மாற்றுவதற்குக் கியரே இல்லாத வண்டி.

பந்தல்காரர் ஒருவர் மாற்றியேவிட்டார். அவர் ஏற்றுவதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், பழசோடு புதுசு சேராது. ஹவுசிங் இறக்கிய கூலி தனி. கேபிள் மீட்டர் வைத்த வண்டி அது. கேபிள் கியர்பாக்ஸிலிருந்து போவதால் மீட்டருக்கு ராடு சுற்றுவதுதான் தெரியும், சக்கரம் தெரியாது. 60இல் போகும்போது 75 காட்டியது. 80 கிலோமீட்டர் போனால் 100 ஏறியது. திருவள்ளூர் ரோட்டில் ஷேர் ஆட்டோகூட முந்திக்கொண்டு போனது. பந்தல்காரரோ டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னார்.

"அண்ணே, ஸ்பீடும் ஏறிச்சி, மைலேஜும் ஏறிச்சி!"

அண்ணனுக்குக் கணக்குத் தெரியும். டீயை நிதானமாக ஆற்றினார்.

"நான் சொல்லல?"