தாத்தா வீட்டுக்காரர்

செட்டிநாட்டில் பழைய நகரத்தார் வீடுகளைச் செப்பனிட்டுச் சொகுசு விடுதிகளாக்கியிருக்கிறார்கள் அல்லவா, அங்கே எந்த வாரக் கடைசியில் போனாலும் இவரைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து காரில் வந்து இறங்குவார். வரவேற்பு சர்பத் கைக்கு வருவதற்குள் முகப்புத் தூணைத் தட்டிப் பார்த்து முடித்திருப்பார்.

"பர்மா தேக்கு. எங்க தாத்தா வீட்ல இதைவிடப் பருமன்."

அதற்குமேல் எதைக் காட்டினாலும் தாத்தா வீட்டில் அது இருந்தது. உள்முற்றத்து வளவு இருந்தது, பெல்ஜியம் கண்ணாடி இருந்தது, இத்தாலிச் சலவைக்கல் இருந்தது. கூட வந்த மனைவி மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். தாத்தா கடைசிவரை இருந்தது திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் இவர் சொல்வதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. இந்தப் பெரிய வீடுகளிலும் அன்று கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அடுப்பு, தனிச் சமையல்தான். கூரை மட்டும் பொது. என்ன, திருவல்லிக்கேணிக் கூரை ஒழுகும்.

சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு ஆரம்பமாகும். வெள்ளைப் பணியாரம் வைக்க வந்த பையனை நிறுத்தி, "தரையைப் பார்த்தியா தம்பி, ஆத்தங்குடிக் கல்லு. சூளையில பதமா சுடறதுலதான் சூட்சுமமே" என்பார். பையனுக்குச் சொந்த ஊரே ஆத்தங்குடி. அப்பா கல் போடுகிறவர். கண்ணாடித் தகட்டின் மேல் சாயக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. சூளை என்ற பேச்சுக்கே இடமில்லை.

"அப்படிங்களா சார்" என்று இன்னொரு பணியாரம் வைத்தான் பையன். விவரமானவன். ஊருக்குக் கிளம்பும்போது கையில் ஏதாவது கொடுப்பாரே.

ராத்திரி எட்டு மணிக்கு, "அந்தக் காலத்துல மனுஷன் வாழ்ந்தான்யா!" என்று பெருமூச்சு. எட்டேகாலுக்கு வரவேற்பறைக்குப் போன்: ஏசி இன்னும் கொஞ்சம் குளிர வேண்டும், குளியல் தொட்டியில் வெந்நீர் வரவில்லை. அந்தக் காலத்து மனுஷன் வளவிலும் பட்டாலையிலும் பாய் விரித்துப் படுத்தான். இன்று இவர் படுத்திருக்கும் அறை, சீர்வரிசைப் பாத்திரங்களைப் பூட்டி வைத்த அறையாக இருந்திருக்கும். அண்டாக்கள் ஏசி கேட்டதில்லை.

மறுநாள் காலை. அந்த வீட்டில் இன்னும் பங்குள்ள ஆச்சி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இவர் விடுவாரா? பக்கத்தில் போய் உட்கார்ந்து தாத்தா, தேக்கு, கண்ணாடி எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார். ஆச்சிக்கு முகம் மலர்ந்தது. ஆகா, நம்மவுக பிள்ளை! நகரத்தாருக்குள் ஒன்பது கோயில் பிரிவு உண்டு. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒவ்வொரு குடும்பமும் ஒன்றைச் சேர்ந்தது. கோயிலைச் சொன்னால் போதும், பங்காளியா, சம்பந்தம் பண்ணலாமா என்று மேற்கொண்டு பேசலாம்.

"தம்பி எந்தக் கோயிலு?"

"வடபழனிங்க" என்றார் இவர். "வீட்லேர்ந்து நடந்தே போயிடலாம்."