14 வோல்ட்டை நம்பாதீர்கள்!

(வீட்டிலேயே லித்தியம் பேட்டரி கட்டுபவர்களுக்கான கேள்வி–பதில்)

கேள்வி: நான்கு எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லைச் சீரிஸில் சேர்த்து, இன்வெர்ட்டருக்கு 100 ஏ.எச். பேக் கட்டினேன். 14.6 வோல்ட் வரை ஏற்றலாம் என்றார்கள். 14 வந்ததுமே பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் போர்டு) சார்ஜை வெட்டிவிடுகிறது. போர்டு பழுதா சார்? — ஈரோடு வாசகர்

பதில்: போர்டைக் கழற்றிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் செல்களைத் தனித்தனியாகப் பார்ப்பது அது ஒன்றுதான்! மீட்டர் முனைகளைப் பேக்கின் இரண்டு கோடியிலும் வைத்தால் கூட்டுத்தொகை மட்டுமே தெரியும். சார்ஜ் ஓடும்போது ஒவ்வொரு செல்லிலும் வைத்துப் பாருங்கள். மூன்று செல் 3.45, ஒன்று 3.65 என்று காட்டினால், கூட்டுத்தொகை சரியாக 14. அந்த ஒரு செல் தன் உச்சவரம்பைத் தொட்டுவிட்டது. மற்ற மூன்றுக்கும் இன்னும் இடமிருக்கிறது, ஆனால் கதவு மூடியாயிற்று.

சீரிஸில் எல்லாச் செல்லிலும் ஓடுவது ஒரே கரண்ட். ஒரே நுகத்தடியில் பூட்டிய மாடுகளில் ஒன்று நின்றால் வண்டி நின்றுவிடும் அல்லவா? ஏற்றும்போது முதலில் நிறையும் செல் நிறுத்துகிறது, இறக்கும்போது முதலில் காலியாகும் செல் நிறுத்துகிறது. நடுவில் கிடைப்பதுதான் உங்கள் பேட்டரி, ஸ்டிக்கரில் அச்சிட்ட 100 அல்ல.

கேள்வி: ஒரே பெட்டியில், ஒரே நாளில் வந்த செல்கள்தானே? பிறகு எப்படிப் பிரிந்து போகின்றன? — சிவகாசி வாசகர்

பதில்: சும்மா இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் கொஞ்சம் கசியும், ஆளுக்கொரு வேகத்தில். வெளிச்செல்லைவிட நடுச்செல் அதிகம் சூடாகும். இவையெல்லாம் மாதக் கணக்கில் நடக்கும் வேலை. ஒரே இரவில் கெடுக்கும் வேலையொன்று நம் கையிலேயே இருக்கிறது: 24 வோல்ட் பேக்கின் கீழ்ப்பாதியிலிருந்து வயர் இழுத்து 12 வோல்ட் விளக்கு போடுவது. 5 வாட் எல்.இ.டி. பத்து மணி நேரம் எரிந்தால், கீழ்ப்பாதி சுமார் 4 ஏ.எச். இழந்திருக்கும், மேல்பாதிக்குச் சேதி தெரியாது. இதை ஒரு வாரம் செய்துவிட்டு "செல் மட்டம்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 12 வோல்ட் வேண்டுமென்றால் பேக்கின் முழு வோல்டேஜிலிருந்து ஒரு டிசி–டிசி கன்வெர்ட்டர் போட்டு எடுங்கள்.

கேள்வி: லித்தியத்துக்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். என் பழைய ஆசிட் பேட்டரிக்கு, செல்களைச் சமப்படுத்தும் பேலன்சர் என்ற பேச்சே இல்லையே! — தேனி வாசகர்

பதில்: நல்ல கேள்வி. 2019இல் வேதியியல் நோபலை குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் பெற்றார்கள். நீங்கள் கட்டும் இரும்பு பாஸ்பேட் செல்லின் வேதியியலும் 1990களில் குட்இனஃபின் டெக்சாஸ் ஆய்வகத்தில் பிறந்ததுதான்.

ஆசிட் பேட்டரியில் முதலில் நிறைந்த செல், மேற்கொண்டு வரும் கரண்டைத் தண்ணீரைப் பிரிப்பதில் செலவழித்துவிடும். அதற்குள் பின்தங்கிய செல் வந்து சேர்ந்துகொள்ளும். குமிழி விட்டதும், நீங்கள் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியதும் அதனால்தான். லித்தியத்தில் அந்தப் பக்கவழி கிடையாது. கொடுத்த சார்ஜ் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளேயே நிற்கும். அதன் பெருமையே அதுதான்! ஆனால் செல்லுக்குச் செல் உள்ள வித்தியாசமும் அப்படியே நிற்கும். நிறைந்த பிறகும் திணித்தால் செல் உப்பும். ஆகவே பழைய சார்ஜரில் 'ஈக்வலைஸ்' என்று ஏதாவது இருந்தால் அதை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள்.

கேள்வி: பி.எம்.எஸ்.ஸிலேயே பேலன்சிங் உண்டு என்று எழுதியிருக்கிறது. நாம் ஏன் மெனக்கெட வேண்டும்? — நாகர்கோவில் வாசகர்

பதில்: உண்டு. எவ்வளவு என்று பாருங்கள். சாதாரண போர்டில் 50 மில்லி ஆம்பியர் அளவில் இருக்கும். முந்தும் செல்லின் சார்ஜை ஒரு ரெசிஸ்டரில் சூடாக எரிக்கிறது. அதுவும் செல் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். தினமும் ஒரு மணி நேரம் அங்கே நின்றால் கிடைப்பது 0.05 ஏ.எச். புது செல்களுக்கிடையே 5 ஏ.எச். வித்தியாசம் இருந்தால் நூறு நாள் பிடிக்கும். வந்த சமநிலையைக் காப்பாற்றத்தான் அந்தப் போர்டு. முதல் சமநிலையை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

கேள்வி: அந்த முதல் சமநிலையைக் கொண்டுவருவது எப்படி? நான்கையும் பேரலலில் கட்டி, 3.65 வைத்து ஏற்றுகிறேன். ஒரு பகல் முழுக்க 3.33இலேயே நிற்கிறது. கொஞ்சம் கூட்டி 4 வோல்ட் வைக்கலாமா? — ஓசூர் வாசகர்

பதில்: வேண்டாம், வேண்டவே வேண்டாம்! நல்ல செல்களை ஆள்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

கணக்கைப் பாருங்கள். பேரலலில் கட்டியதும் அது 400 ஏ.எச். கொண்ட ஒரே செல். பாதி நிறைந்திருந்தால் இன்னும் 200 வேண்டும். உங்கள் பவர் சப்ளை 10 ஆம்பியர் கொடுத்தாலும் 20 மணி நேரம், மெல்லிய வயரானால் இன்னும் கூடும். எல்.எஃப்.பி. செல்லின் வோல்டேஜ், பயணத்தின் பெரும்பகுதியில் 3.2க்கும் 3.35க்கும் நடுவே சமதரையாகப் போகும். கடைசியில் திடீரென்று செங்குத்தாக ஏறும். 4 வோல்ட் வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போனால், நீங்கள் திரும்பி வருவதற்குள் அது ஏறி முடித்திருக்கும்.

சுருக்கு வழி ஒன்று உண்டு. முதலில் செல்களைச் சீரிஸில், பி.எம்.எஸ். போட்டு, சாதாரண சார்ஜரில் ஏற்றுங்கள். முதல் செல் 3.65 தொட்டு போர்டு வெட்டியதும் பிரித்து, கொஞ்சம் ஆறவிட்டு, பிறகு பேரலலில் கட்டுங்கள். பாக்கியிருக்கும் சில ஏ.எச். மட்டும் பவர் சப்ளையின் வேலை. 3.65 என்பதை, செல்லை இணைக்கும் முன்பே மல்டிமீட்டரால் அளந்து வையுங்கள். சப்ளையின் முகப்பில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். கரண்ட் 1 ஆம்பியர் அளவுக்கு இறங்கியதும் கழற்றிவிடுங்கள். உச்சியில் நாள்கணக்கில் நிறுத்துவது செல்லுக்கு ஆகாது.

கேள்வி: 5 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் வாங்கிவிட்டேன். எப்போதும் ஓடட்டும் என்று விடலாமா? — கும்பகோணம் வாசகர்

பதில்: சமதரையில் ஓடவிடாதீர்கள். ஃபேனும் மிக்ஸியும் ஓடும்போது ஒரு செல் 3.28, இன்னொன்று 3.26 காட்டினால், அது பெரும்பாலும் உள்தடையின் வித்தியாசம், சார்ஜின் வித்தியாசம் அல்ல. பேலன்சர் அதை நம்பி, சரியாக இருந்ததைக் கலைத்துவிடும். 3.4 வோல்ட்டுக்கு மேலே மட்டும் வேலை தொடங்கும்படி வையுங்கள். அந்த வசதி இல்லாத பேலன்சருக்கு ஒரு சுவிட்ச் வையுங்கள்.

கேள்வி: எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் ஒரு செல் மட்டும் அடங்கவில்லை. — வேலூர் வாசகர்

பதில்: உச்சியில் ஒரு முறை, அடியில் ஒரு முறை அளந்து எழுதுங்கள். உச்சியிலும் அடியிலும் அதே செல் மற்றவற்றைவிட மேலே நின்றால், அதில் சார்ஜ் கூடுதல், அவ்வளவே. பேலன்ஸ் செய்தால் தீரும். உச்சியில் முதலில் நிறைந்து, அடியிலும் முதலில் காலியானால் அதன் கொள்ளளவே குறைவு. உலகத்திலுள்ள எந்த முதல்தரப் பேலன்சரும் 80 ஏ.எச். செல்லை 100 ஆக்காது. மாற்றிவிடுங்கள்.

பழைய லேப்டாப்பிலிருந்து 18650 செல் எடுத்துக் கட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதலில் ஒவ்வொரு செல்லின் கொள்ளளவையும் அளந்து, ஒவ்வொரு பேரலல் வரிசையின் மொத்தமும் ஒன்றாக வரும்படி பிரித்துப் போடுங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த செல்லை உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள். உள்ளே செப்புத் தகடு கரைந்திருக்கும். மறுபடி ஏற்றினால் அந்தச் செப்பு உள்ளேயே ஷார்ட் உண்டாக்கலாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ராத்திரி ஹாலில் செல்களைப் பரப்பி, சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார். கேட்டால் "இது தீப்பிடிக்காத ரகம்" என்கிறார். — திண்டுக்கல் வாசகி

பதில்: இரும்பு பாஸ்பேட், லேப்டாப் செல்லைவிட அதிகச் சூட்டைத் தாங்கும் என்பது உண்மை. தீப்பிடிக்காது என்பது உண்மையல்ல அம்மா. அதன் உள்தடை மிகக் குறைவு. ஸ்பேனர் ஒன்று குறுக்கே விழுந்தால் பல நூறு ஆம்பியர் பாயும். எந்த ரகமானாலும் ஸ்பேனர் சிவக்கும். பேரலலில் கட்டி பேலன்ஸ் செய்யும்போது பி.எம்.எஸ். இணைப்பில் இருக்காது, தடுக்க ஆளில்லை. எனவே பகலில், கூடவே இருந்து, சிமெண்டுத் தரையில் செய்யச் சொல்லுங்கள். மோதிரம், வாட்ச், காப்பு கழற்றியிருக்க வேண்டும். ஸ்பேனர் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்க வேண்டும். பேக் கட்டி முடித்ததும் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வர வேண்டும். இத்தனையும் செய்கிறாரா என்று பார்த்துவிட்டு, ஹாலைத் திருப்பிக் கேளுங்கள்.