அடப்டர் அத்தான்

வத்தளையில் வீடு வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர் பஞ்சம் வராது. வெள்ளவத்தைக்காரருக்குக் கடல், கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கோயில், எங்களுக்குக் கட்டுநாயக்கா. வெளிநாட்டிலிருந்து வந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் முதல் இரவு எங்கள் வீட்டில்தான் படுப்பார்கள். திரும்பிப் பறக்கிறவர்கள் கடைசி இரவு எங்கள் வீட்டில்தான் சூட்கேஸைத் தராசில் ஏற்றி இறக்குவார்கள். நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கினால் எங்கள் விறாந்தையில் கால் வைக்க இடமிருக்காது.

இப்படி வருகிறவர்களில் ஒரு தனி இனம் உண்டு. வீட்டுக்குள் வந்ததும் அது மனிதரைப் பார்க்காது, சுவரைப் பார்க்கும். அந்த இனத்துக்கு எங்கள் வீட்டில் வைத்திருக்கிற பெயர் அடப்டர் அத்தான். எங்களுடையவர் ஸ்காபரோவில் இருந்து வருகிறார். உங்களுடையவர் ஒஸ்லோவில் இருந்தோ சூரிச்சில் இருந்தோ வருகிற சித்தப்பாவாக இருக்கலாம். தோற்றம் ஒன்றுதான்: ஒரு கையில் வயர், மற்றக் கையில் போன், அலுமாரிக்குப் பின்னால் நீண்ட கழுத்து.

"எப்படி அத்தான் சுகம்?"

"இருக்கிறன் தம்பி. பொயின்ட் எங்க?"

அவர் சுவரைத் தேடுவதில் நியாயமும் இருக்கிறது. எங்கள் வீட்டு ஹோல் அப்பா காலத்தது. அங்கே மூன்று உருண்டைக் கால் நுழைகிற 5 அம்பியர் பொயின்ட். குசினியில் பிரிட்ஜுக்கென்று அதே சாதியில் பெரியது, 15 அம்பியர். மாடி நான் கட்டியது. அங்கே சதுரக் கால் நுழைகிற 13 அம்பியர். இனிச் சதுரக் கால்தான் நாட்டுக்கு நியமம் என்று பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சொல்லிவிட்டது. சொன்னது சரி, சுவருக்குள் கிடக்கிற பழையதை யார் கிண்டி எடுப்பது? ஹோலில் இருக்கிற அயன் பெட்டியை மாடிக்குக் கொண்டுபோகவே எங்களுக்கு விசா வேண்டும்.

அந்த விசா எல்லாம் ஒரு பழைய மலிபன் பிஸ்கட் ரின்னுக்குள் இருக்கிறது. வந்து போனவர்கள் மறந்துவிட்டுப் போன அடப்டர்களும் பிளக்குகளும். சுவிஸ் பெரியம்மாவினுடையதற்கு மூன்று மெல்லிய கால். நடுக்கால் மட்டும் கோபித்துக்கொண்டு வரிசையை விட்டு விலகி நிற்கும். ஜெர்மன் மாமாவினுடையது குண்டு, உள்ளங்கை நிறையும். அவுஸ்திரேலியா மச்சாளுடையது இரண்டு தட்டைக் கால் சரிந்து, புருவம் நெரித்த முகம்போல இருக்கும். கனடாவினுடையது நேராக இரண்டு தகடு. 1983 க்குப் பிறகு எங்கள் குடும்பம் எங்கெங்கே போய் விழுந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ரின் குறித்து வைத்திருக்கிறது.

லண்டன் சித்தப்பாவுக்கு மட்டும் ரின் தேவையில்லை. 1947 இல் பிரிட்டன் நியமமாக்கிய அந்தச் சதுரக் கால் பிளக்தான் எங்கள் மாடியிலும். அவர் வந்து, தானே கண்டுபிடித்ததுபோலச் செருகிவிட்டு, "எங்கட பிளக்குக்குள்ள பியூஸும் இருக்கு, தெரியுமோ?" என்று மற்ற நாட்டுக்காரரைப் பார்ப்பார். பிளக்குக்குள் பியூஸ் இருப்பது உண்மைதான். பெருமை யாருடையது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ரின்னிலும் கிடைக்காவிட்டால் பேனை. சதுரப் பொயின்டின் மேல் துளைக்குள் ஒரு கால் போனால்தான் கீழ்த் துளைகளின் கதவு திறக்கும். சின்னப் பிள்ளைகள் எதையும் உள்ளே விடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. எங்கள் நாட்டில் அந்தக் கதவுக்குச் சாவி போல்பொயின்ட் பேனை. அதால் குத்தித் திறந்து, ஐரோப்பிய இரண்டு கால் பிளக்கை நெருக்கிச் செருகிவிடுவார்கள். பிளக் ஆடும், பொறி பறக்கும், ஏர்த் இணைப்பு என்பதே இருக்காது. செய்யாதீர்கள் என்று எழுதுகிறேன். எழுதுகிற பேனையும் அதற்குப் போய் வந்ததுதான்.

இனி அத்தானுக்கு வருவோம். அவருடைய மின்சார அறிவு ஒரே வசனம்: துளை பொருந்தினால் எல்லாம் பொருந்தும். விமான நிலையத்திலேயே, உலகத்தில் எந்த நாட்டுச் சுவருக்கும் போகும் என்று எழுதிய அடப்டர் ஒன்றை வாங்கிவிடுவார். பிறகு அவருக்குப் பயமே இல்லை. அடப்டர் என்பது கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கும்; அதற்குப் பிறகு நடக்கிறதுக்குப் பொறுப்பேற்காது. கனடாவில் சுவரில் இருந்து வருவது 120 வோல்ட். இங்கே 230. கால்களின் வடிவத்தைத்தான் அடப்டர் மாற்றும், வோல்ட்டைத் தொடாது.

முதல் தடவை கோப்பி மெசின் ஒன்று கொண்டுவந்தார். "உங்கட கோப்பி எனக்கு ஒத்துக்கொள்ளாது தம்பி" என்றார். ஐம்பது வயது வரை ஒத்துக்கொண்ட கோப்பி. மெசினின் அடியில் 120 வோல்ட், 900 வாட்ஸ் என்று எழுதியிருந்தது. நான் பிறகுதான் வாசித்தேன். வோல்ட் இரண்டு மடங்குக்குக் கிட்ட ஏறினால் சூடு இரண்டு மடங்கோடு நிற்காது, நாலு மடங்குக்குக் கிட்டப் போகும். 900 வாட்ஸ் மெசின் எங்கள் குசினியில் 3,300 வாட்ஸாக அவதாரம் எடுத்தது.

கோப்பி கொதித்து இறங்கிய வேகத்தைப் பார்த்து என் மனைவி பின்னால் நகர்ந்தாள்.

"பார்த்தியோ பிள்ளை, கனடாச் சாமான்" என்றார் அத்தான்.

அவர் கோப்பையை எடுக்கக் கை நீட்டும்போது முதலில் ஒரு மணம் வந்தது. கோப்பி மணம் இல்லை. பிறகு ஒரு சத்தம். பிறகு எங்கள் பூனை இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. கரண்ட் வேலைக்கு வருகிற பாஸைக் கூப்பிட்டோம். அவர் மெசினைக் கழற்றவே இல்லை. தூக்கி ஒருமுறை மணந்து பார்த்துவிட்டு, "ஏக்க இவரய்" என்றார். முடிந்தது என்பதைச் சிங்களத்தில் இவ்வளவு அமைதியாகச் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அத்தானின் தீர்ப்பு வேறு. "மெசின்ல பிழை இல்லை. உங்கட கரண்ட் சரியில்லை."

இதற்கு மறுமொழி சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஆனால் வத்தளைக்காரனுக்கு அந்த உரிமை கிடையாது. 2020 ஓகஸ்ட் 17 இல் நாடு முழுக்க மணித்தியாலக் கணக்காக இருட்டானதே, அந்தக் கோளாறு தொடங்கியது எங்கள் பக்கத்துக் கெரவலப்பிட்டி உபமின் நிலையத்தில். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறையில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதால்தான் நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். இத்தனையையும் வைத்துக்கொண்டு கரண்டுக்காக எப்படி வாதாடுவது? வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒத்துக்கொண்டது.

அடுத்த தடவை அத்தான் படித்துவிட்டு வந்தார். வந்த மறுநாளே புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய், 230 ஐ 120 ஆக்குகிற ட்ரான்ஸ்போமர் ஒன்றை வாங்கி முச்சக்கரவண்டியில் ஏற்றிவந்தார். இரும்பும் செம்பும் அடைத்த பெட்டி; இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதை ஹோலில் வைத்து, அதன் தலையில் கனடாவில் இருந்து கொண்டுவந்த பழைய மேசை மணிக்கூட்டை மாட்டினார். அலாரமும் ரேடியோவும் சேர்ந்தது, சிவப்பு இலக்கம் எரிகிறது.

ஏன் மணிக்கூடு என்று கேட்பீர்கள். அத்தான் தன் போனை எங்கே போனாலும் ரொறன்ரோ நேரத்திலேயே வைத்திருப்பார். பிள்ளைகள் எழும்பியிருப்பார்களா, படுத்திருப்பார்களா என்று பார்க்க வசதியாம். ஆகவே இலங்கை நேரத்துக்குத் தனி மணிக்கூடு.

பின்னேரம் 4 மணிக்குச் சரியாக நேரம் வைத்தார். மணிக்கூடு கருகவில்லை, மணக்கவில்லை. 120 என்றால் 120. அத்தானின் முகத்தில் படித்தவன் களை. வெள்ளவத்தையில் வெளிக்கிட்டு நீர்கொழும்பு, புத்தளம் வழியாக யாழ்ப்பாணம் போகிற பஸ் இரவு பத்துக்கு எங்கள் சந்தியால் போகும். ஒன்பதரைக்கு அலாரம் வைத்துவிட்டுச் சாய்ந்தார். நாங்கள் கோயிலுக்குப் போயிருந்தோம்.

நாங்கள் திரும்பி வரும்போது நேரம் பத்தே கால். அத்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மணிக்கூடு ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம் என்று, எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லாமல் காட்டிக்கொண்டிருந்தது.

வோல்ட்டை மாற்றலாம், துடிப்பை அந்த இரும்புப் பெட்டி மாற்றாது. கனடாவில் கரண்ட் ஒரு செக்கனுக்கு 60 தடவை துடிக்கும், இங்கே 50. அந்தப் பழைய வகை மணிக்கூடுகள் கரண்டின் துடிப்பை எண்ணித்தான் நேரம் சொல்லும். 60 எண்ணினால் ஒரு செக்கன் என்று கனடாவில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாவம், அது வத்தளையிலும் 60 எண்ணி முடியும் வரை காத்திருந்தது. மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பிந்தும், ஆறு மணித்தியாலத்தில் ஒரு மணித்தியாலம் போய்விடும். ஒரே நாட்டுக்குள்ளேயே இந்தக் கூத்து உண்டு. ஜப்பானில் கிழக்குப் பாதிக்கு 50, மேற்குப் பாதிக்கு 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மனியிடமும் ஒசாகா அமெரிக்காவிடமும் ஜெனரேட்டர் வாங்கியதால் வந்த வினை, இன்றைக்கும் தீரவில்லை. நூறு வருடத்துக்கு மேலாக ஜப்பான்காரரே தீர்க்காததை அத்தான் தீர்க்கவில்லை என்று நான் குறை சொல்ல மாட்டேன். பஸ் காசுதான் போனது.

"இலங்கையில நேரம்கூட ஒழுங்கா ஓடாது" என்றார் அவர்.

மூன்றாவது தடவை நடந்ததுதான் அத்தானை அத்தானாக்கியது. திரும்பிப் போகும்போது, "அங்க வாங்கிற குக்கர்ல சோறு எங்கட பதத்துக்கு வராது" என்று, இங்கே 700 வாட்ஸ் ரைஸ் குக்கர் ஒன்று வாங்கிக் கட்டினார். அக்காவுக்குப் பரிசு. சதுரக் காலைக் கனடாச் சுவரில் செருக ரின்னில் இருந்து அடப்டர் ஒன்றையும் எடுத்துப் பைக்குள் போட்டார். நான் கண்டும் காணாமல் இருந்தேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு அக்கா வட்ஸ்அப்பில் எடுத்தாள்.

"தம்பி, காலமை போட்ட அரிசி, இன்னும் அரிசியாவே கிடக்குது."

கணக்கு இப்போது தலைகீழாக ஓடியிருக்கிறது. 230 வோல்ட்டுக்குச் செய்த குக்கருக்கு 120 கொடுத்தால் சூடு காலே காலுக்குத்தான் வரும். 700 வாட்ஸ், 190 வாட்ஸ் ஆகிவிடும். பழைய 100 வாட்ஸ் குண்டு பல்ப் இரண்டுக்கு மேல் பானையை வைத்துச் சோறு வடிக்கப் பார்க்கிற மாதிரி. இதை நான் அக்காவுக்கு விளக்கத் தொடங்குவதற்குள் பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது:

"அவனிட்டச் சொல்லு, இலங்கைச் சாமான் ஒண்டும் உருப்படியில்லை."

கனடாச் சாமான் இங்கே எரிந்தால் இலங்கைக் கரண்ட் கூடாது. இலங்கைச் சாமான் அங்கே வேலை செய்யாவிட்டால் இலங்கைச் சாமான் கூடாது. இந்த மனிதரோடு யார் வாதாடுவது? எந்தப் பக்கம் செருகினாலும் பொருந்துகிற பிளக் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அது அத்தானின் வாய்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், புறக்கோட்டை ட்ரான்ஸ்போமர் இரண்டு பக்கமும் வேலை செய்கிற வகை. திருப்பி மாட்டினால் 120 ஐ 230 ஆக்கியிருக்கும், அக்காவின் சோறும் வெந்திருக்கும். பாரம் கூட என்று அதை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். இப்போது காற்றுக்கு அடிக்காமல் முன் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நல்ல உழைப்பு.

இந்த வருடமும் ரிக்கற் போட்டாயிற்று என்று செய்தி வந்துவிட்டது. ஆகவே அத்தான்மார் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விண்ணப்பம். கொண்டுவருகிற சாமானின் முதுகைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டு, அந்தப் பொடி எழுத்தை வாசியுங்கள். போன் சார்ஜர், லப்டொப் சார்ஜர் எல்லாம் அநேகமாக 100-240 என்றிருக்கும். அவை எந்த நாட்டுக் கரண்டையும் தாங்களே சமாளிக்கும், அவற்றுக்கு வெறும் அடப்டர் போதும். 120 என்று மட்டும் இருந்தால், அதுவும் கோப்பி மெசின், முடி உலர்த்துகிற மெசின் மாதிரிச் சூடாகிற சாதி என்றால், அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஞாபகத்தில் நிற்காவிட்டால் ஒரு வழி சொல்கிறேன். கொழும்பில் இருந்து நீர்கொழும்புக்கு எங்கள் வாசலால் ஓடுகிற பஸ்ஸின் இலக்கம் 240. சார்ஜரில் அந்த இலக்கம் இருந்தால் அதுவும் வத்தளைக்கு வரலாம்.

வரும்போது என் ரின்னில் இருந்து எடுத்துப் போன அடப்டரையும் மறக்காமல் கொண்டுவரவும்.